56 கே மோடம் வாங்கும் முன்: டெல்டாக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

(இது 1999-இல் எழுதியது. இதிலுள்ள கருவி, கட்டணம், லைன் நிலவரம் எல்லாம் அந்த நாளையது.)

1999 பொங்கல் கழிந்ததிலிருந்து கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறைப் பக்கத்து நண்பர்கள் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். “கடையில் மூன்று வகை 56 கே மோடம் வைத்திருக்கிறார்கள். ஒன்றில் எக்ஸ்2 என்று போட்டிருக்கிறது, ஒன்றில் கே56ஃப்ளெக்ஸ், இன்னொன்றில் வி.90. எதை வாங்கலாம்?” 1998 நவம்பரில் தனியார் நிறுவனங்களும் இன்டர்நெட் இணைப்பு தரலாம் என்று அரசு அனுமதித்த பிறகு இந்தக் கேள்வி இன்னும் கூடிவிட்டது.

மோடம் என்பது கணினியைப் போன் லைன் வழியாக இன்டர்நெட்டோடு பேசவைக்கும் கருவி. 56 கே என்றால் வினாடிக்கு 56,000 பிட் வேகம், பிட் என்பது 0 அல்லது 1. எக்ஸ்2, கே56ஃப்ளெக்ஸ், வி.90 மூன்றும் அந்த வேகத்துக்கான வெவ்வேறு முறைகள். எதை வாங்கலாம் என்பதைக் கடைசியில்தான் முடிவு செய்ய வேண்டும். அதற்கு முன் உங்கள் வீட்டு போன் லைன் எப்படி இருக்கிறது என்று தெரிய வேண்டும். நீங்கள் டயல் செய்யப்போகும் எண்ணின் மறுமுனையில் என்ன இயந்திரம் இருக்கிறது என்றும் தெரிய வேண்டும். இரண்டும் தெரிந்துவிட்டால் கடையில் நிற்கிற நேரம் ஐந்து நிமிடம்தான்.

நம் பக்கத்து ஆட்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். மேட்டூரில் எத்தனை ஆயிரம் கன அடி திறந்தார்கள் என்று பேப்பரில் போடுகிறார்கள். கடைமடையில் இருக்கிறவர் கேட்பது தன் வாய்க்காலில் எவ்வளவு தண்ணீர் வந்தது என்றுதான். பெட்டியின் மேல் போட்டிருக்கும் 56 கே என்பது மேட்டூர்க் கணக்கு. அதில் எவ்வளவு உங்கள் வீட்டு வாசலுக்கு வரும் என்பதை நடுவில் இருக்கும் கம்பியும் டெலிபோன் எக்ஸ்சேஞ்சும் முடிவு செய்கின்றன.

56 கே எப்படி வேலை செய்கிறது

இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். இது புரிந்தால் மீதி எல்லாம் தானாகப் புரியும்.

போன் லைன் பேச்சுக்காகப் போடப்பட்டது. எக்ஸ்சேஞ்சுக்குள் நுழையும் உங்கள் குரலை அங்கிருக்கும் கருவி வினாடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வொரு அளவையும் 8 பிட் எண்ணாக மாற்றுகிறது. 8,000 பெருக்கல் 8, வினாடிக்கு 64,000 பிட். டிஜிட்டல் எக்ஸ்சேஞ்சுகளுக்கு நடுவே உங்கள் குரல் இந்த எண்களாகத்தான் பயணம் செய்கிறது. மறுமுனையில் அது மறுபடி ஒலியாகிறது.

குரலை எண்ணாக மாற்றும்போது கொஞ்சம் முழுமையாக்கம் நடக்கும். 6.3 என்று வந்தால் 6 என்று குறித்துக்கொள்வதைப் போல. காதுக்கு அது தெரியாது. ஆனால் மோடத்துக்கு அது இரைச்சல். பழைய மோடங்கள் எல்லாம் இரண்டு பக்கமும் இந்த மாற்றம் நடக்கிறது என்று நினைத்துக்கொண்டு வேலை செய்பவை. அந்த இரைச்சலோடு போராடி அவை எட்டிய உச்சம்தான் வி.34 என்ற பழைய தரத்தின் வினாடிக்கு 33,600 பிட். அதற்கு மேல் அந்த வழியில் போக இடமில்லை என்றே சொல்லலாம்.

56 கே கண்டுபிடித்தவர்கள் வேறு ஒரு விஷயத்தைக் கவனித்தார்கள். இன்டர்நெட் நிறுவனத்தின் மோடம் உங்கள் வீட்டில் இருப்பதைப் போன்ற சாதாரண லைனில் தொங்கவில்லை. அது நேரடியாக டிஜிட்டல் லைனில் இணைந்திருக்கிறது. அங்கிருந்து வரும் எண்கள் எந்த முழுமையாக்கமும் இல்லாமல் உங்கள் எக்ஸ்சேஞ்ச் வரை அப்படியே வருகின்றன. அங்கே ஒரே ஒரு முறை மின்னழுத்தமாக மாறி உங்கள் கம்பியில் இறங்குகின்றன. உங்கள் மோடம் அந்த அழுத்தப் படிகளை எண்ணிப் படிக்கிறது. மொத்தம் 256 படிகள் இருக்கின்றன. சின்னப் படிகள் ஒன்றோடொன்று மிக நெருங்கி இருப்பதால் அவற்றைப் பிரித்தறிவது கடினம். எளிமையாகச் சொன்னால் பாதியை விட்டுவிட்டு 128 படிகளைப் பயன்படுத்துகிறார்கள். 128 படி என்றால் 7 பிட். 7 பெருக்கல் 8,000, அதுதான் 56,000.

இதிலிருந்து மூன்று விஷயங்கள் வருகின்றன. இந்த வேகம் உங்களை நோக்கி வரும்போது மட்டும்தான். நீங்கள் அனுப்பும்போது உங்கள் எக்ஸ்சேஞ்சில் முழுமையாக்கம் நடக்கிறது, அதனால் அனுப்பும் வேகம் அதிகபட்சம் 33,600. அடுத்தது, இரண்டு வீட்டில் இரண்டு 56 கே மோடம் வைத்து ஒன்றுக்கொன்று டயல் செய்தால் 56 கே வராது, 33,600-க்குள்தான் வரும். மூன்றாவதுதான் நம் ஊருக்கு முக்கியம். உங்கள் எக்ஸ்சேஞ்சுக்கும் இன்டர்நெட் நிறுவனத்துக்கும் நடுவே எங்காவது ஒரு இடத்தில் எண்களாக இல்லாமல் மின் அலையாகவே போகும் அனலாக் இணைப்பு இருந்தால் போதும், எக்ஸ்2, கே56ஃப்ளெக்ஸ், வி.90 மூன்றும் வேலை செய்யாது. மோடம் சத்தமில்லாமல் வி.34-க்கு இறங்கிவிடும்.

முதல் வேலை: லைனைக் கேளுங்கள்

ராத்திரி வீடு அடங்கிய பிறகு போனை எடுங்கள். ஏதாவது ஒரு எண்ணை மட்டும் அழுத்துங்கள். டயல் டோன் நின்று சில வினாடிகள் அமைதி கிடைக்கும். அந்த அமைதியைக் கூர்ந்து கேளுங்கள்.

மெல்லிய ‘ஸ்ஸ்’ சத்தம் இருந்தால் பரவாயில்லை. ‘ம்ம்ம்’ என்று தொடர்ந்து உறுமினால் போன் கம்பி எங்கோ கரண்ட் கம்பியோடு சேர்ந்து ஓடுகிறது அல்லது கம்பியில் எர்த் ஆகிறது. ‘கரகர’ என்று விட்டுவிட்டு வந்தால் ஜாயின்ட் கெட்டிருக்கிறது. வேறு யாரோ பேசுவது மெலிதாகக் கேட்டால் பக்கத்து லைனோடு உரசல். கரகரப்புதான் மோடத்துக்குப் பெரிய எதிரி. பேசும்போது நாம் அதைத் தாண்டிப் பேசிவிடுவோம். மோடத்தால் அது முடியாது, ஒவ்வொரு கரகரப்புக்கும் அனுப்பியதையே திரும்ப அனுப்பச் சொல்லும்.

இதே சோதனையை ஒரு நல்ல மழைக்கு மறுநாளும் செய்யுங்கள். கோடையில் சுத்தமாக இருக்கும் லைன் ஐப்பசி, கார்த்திகையில் வேறு லைனாகிவிடும். நம் ஊர் மண் தண்ணீரைப் பிடித்துவைக்கும் மண். கேபிள் குழிகளில் வாரக்கணக்கில் தண்ணீர் நிற்கும். உள்ளே பேப்பர் சுற்றிய பழைய கேபிள் என்றால் ஈரம் ஏறிவிடும். ஈரம் புகாமல் உள்ளே ஜெல்லி நிரப்பிய கேபிள் போட்ட தெருக்களில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. உங்கள் தெருவில் எது என்று லைன்மேனுக்குத் தெரியும்.

என் வீடு கும்பகோணத்துக்கும் பாபநாசத்துக்கும் நடுவே ஒரு கிராமத்தில். ஆரம்பத்தில் என் மோடம் 21,600-க்கு மேல் போனதே இல்லை. மோடத்தைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் லைன்மேன் அண்ணன் வந்து கம்பத்திலிருந்து வீடு வரை வரும் டிராப் வயரைப் பார்த்தார். தென்னை மட்டை உரசி உரசி ஓரிடத்தில் தோல் போயிருந்தது. அதற்கு அடுத்து, ஒட்டுப்போட்ட இடத்தில் டேப் சுற்றிய ஜாயின்ட் பச்சை பூத்திருந்தது. ஜாயின்ட்டே இல்லாமல் ஒரே வயராக மாற்றிக் கொடுத்தார். அன்று இரவு 28,800. மோடத்தை நான் தொடவே இல்லை. அதனால்தான் சொல்கிறேன், புது மோடத்துக்குக் காசு எடுத்துவைக்கும் முன் லைன்மேனைக் கூப்பிடுங்கள். புகார் எழுதும்போது “டேட்டா மெதுவாக வருகிறது” என்று எழுதாதீர்கள். “பேசும்போது கரகரப்பு” என்று எழுதுங்கள், அதற்குத்தான் உடனே ஆள் வருவார்கள்.

வீட்டுக்குள்ளேயும் பாருங்கள். கூடத்தில் ஒரு போன், மாடியில் ஒரு போன், சமையலறைப் பக்கம் ஒரு மணி என்று பேரலல் எடுத்திருப்பீர்கள். ஒவ்வொன்றும் வேகத்தைக் கொஞ்சம் சாப்பிடும். கம்பி வீட்டுக்குள் நுழையும் முதல் ரோசெட் பெட்டியிலேயே மோடத்துக்குத் தனியாக வயர் எடுப்பதுதான் சரி. அலுவலகம், கல்லூரி என்றால் உள் எக்ஸ்சேஞ்ச் வழியாக வரும் எக்ஸ்டென்ஷனில் மோடத்தைப் போடாதீர்கள். அங்கே ஒரு மாற்றம் கூடுதலாக நடந்துவிடும், 56 கே அங்கேயே முடிந்துபோகும். நேர் லைன் ஒன்று கேட்டு வாங்குங்கள்.

இரண்டாவது வேலை: எக்ஸ்சேஞ்சில் விசாரியுங்கள்

உங்கள் எக்ஸ்சேஞ்ச் டிஜிட்டலா என்று கேளுங்கள். தஞ்சாவூர், கும்பகோணம் போன்ற ஊர்களில் இந்தக் கேள்வியோடு வேலை முடிந்துவிடலாம். கிராமங்களில் இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும். நம் கிராமங்களில் பல இடங்களில் இருப்பது அரசின் தொலைத்தொடர்பு ஆய்வு மையமான சி-டாட் வடிவமைத்த சிறிய தானியங்கி எக்ஸ்சேஞ்ச். அது டிஜிட்டல்தான், நல்ல கருவியும்கூட. ஆனால் அங்கிருந்து பெரிய எக்ஸ்சேஞ்சுக்குப் போகும் ஜங்ஷன் லைன் எப்படிப் போகிறது? ஃபைபர் வழியாக, அல்லது வேறு டிஜிட்டல் வழியில் போனால் 56 கே-க்கு வாய்ப்பு உண்டு. சாதாரணச் செம்புக் கம்பியில் அனலாக்காகப் போனால் வாய்ப்பில்லை. அப்படியானால் வி.34 தரத்தில் 33,600 மோடம் வாங்கினாலே போதும், பழையது கிடைத்தால் இன்னும் நல்லது. லைன் ரேடியோ வழியாக வருகிறது என்றால் 56 கே ஆசையை இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

எக்ஸ்சேஞ்சிலிருந்து வீடு எவ்வளவு தூரம் என்பதும் முக்கியம். கம்பி நீள நீள வேகம் குறையும். ஐந்து கிலோமீட்டருக்கு மேல் போனால் 56 கே தரங்கள் திணறும். இங்கே தூரம் என்பது கம்பி போகிற வழியின் தூரம். ஆற்றுக்கு அக்கரையில் எக்ஸ்சேஞ்ச் கண்ணுக்குத் தெரியும், ஆனால் கேபிள் பாலத்தைச் சுற்றிக்கொண்டு வந்திருக்கும். ரொம்ப நீளமான லைன்களில் பேச்சுத் தெளிவுக்காக லோடிங் காயில் என்ற கம்பிச் சுருள் போட்டிருப்பார்கள். குரலுக்கு அது நல்லது, 56 கே-க்கு அது தடை.

இன்னும் ஒன்று. போனில் எண்ணை அழுத்தும்போது ‘டக் டக் டக்’ என்று கேட்டால் அது பல்ஸ் முறை. ‘பீப்’ என்று கேட்டால் டோன். மோடத்துக்கும் அதையே சொல்ல வேண்டும். மாற்றிச் சொன்னால் டயலே ஆகாது.

மூன்றாவது வேலை: மறுமுனையைக் கேளுங்கள்

நான் 1998-இன் ஆரம்பத்தில் எக்ஸ்2 மோடம் ஒன்றை நல்ல விலை கொடுத்து வாங்கினேன். நான் டயல் செய்த எண்ணில் அப்போது இருந்தவை எல்லாம் 33,600 மோடங்கள். ஆறு மாதம் கழித்துத்தான் எனக்கு அது தெரிந்தது. கடைக்காரரும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தெரியவில்லை. அந்த ஆறு மாதமும் நான் கொடுத்த கூடுதல் விலைக்கு ஒரு பிட் கூடக் கிடைக்கவில்லை. உங்களுக்கு அப்படி ஆகக்கூடாது.

இணைப்பு வாங்கப்போகும் நிறுவனத்தைக் கூப்பிட்டு இதையெல்லாம் கேளுங்கள். எங்கள் ஊரிலிருந்து எந்த எண்ணை டயல் செய்ய வேண்டும்? அது உள்ளூர்க் கட்டணமா, வெளியூருக்கான எஸ்.டி.டி. கட்டணமா? அந்த எண்ணில் வி.90 இருக்கிறதா? எக்ஸ்2 அல்லது கே56ஃப்ளெக்ஸ் இருக்கிறதா? மறுமுனையில் இருப்பது எந்தக் கம்பெனியின் கருவி? கடைசிக் கேள்வியைக் கேட்டால் சிலர் தயங்குவார்கள். தொழில்நுட்ப ஆளிடம் கொடுக்கச் சொல்லுங்கள். த்ரீகாம் டோட்டல் கன்ட்ரோல் என்றால் அது எக்ஸ்2 குடும்பம். அசெண்ட் மேக்ஸ், லிவிங்ஸ்டன் போர்ட்மாஸ்டர் என்றால் கே56ஃப்ளெக்ஸ் குடும்பம்.

எஸ்.டி.டி. கட்டணம் என்று பதில் வந்தால் மோடம் வேகத்தைவிட அதுதான் உங்கள் பட்ஜெட்டை முடிவு செய்யும். இரவுச் சலுகைக் கட்டண நேரத்தில் மட்டும் டயல் செய்வது என்று வைத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு நிமிடம் காசு ஓடும்போது மோடம் வேகத்துக்குக் கொடுக்கிற காசு திரும்பி வந்துவிடும். கணக்கைப் பாருங்கள். ஒரு மெகாபைட் இறங்க 14,400-இல் கிட்டத்தட்ட 9 நிமிடம் 40 வினாடி ஆகும். 28,800-இல் 4 நிமிடம் 50 வினாடி. 33,600-இல் 4 நிமிடம் 10 வினாடி. 44,000-இல் 3 நிமிடம் 10 வினாடி. உண்மையில் இதைவிடக் கொஞ்சம் கூடுதலாகத்தான் ஆகும். ஆக, 14,400 வைத்திருப்பவர் 33,600-க்கு மாறினால் பெரிய மாற்றம். 33,600 வைத்திருப்பவர் 56 கே-க்கு மாறினால் மெகாபைட்டுக்கு ஒரு நிமிடம் மிச்சம், அதுவும் லைன் ஒத்துழைத்தால். நல்ல 33,600 மோடம் கையில் இருப்பவர்களை நான் அவசரப்படுத்த மாட்டேன்.

எக்ஸ்2, கே56ஃப்ளெக்ஸ், வி.90: இந்தச் சண்டை எங்கிருந்து வந்தது

1996-இன் கடைசியில் மோடம் கம்பெனியான யு.எஸ். ரோபாட்டிக்ஸ் எக்ஸ்2 என்ற முறையை அறிவித்தது. அந்தக் கம்பெனியை 1997-இல் த்ரீகாம் வாங்கிவிட்டது. இன்னொரு பக்கம் சிப் தயாரிக்கும் ராக்வெல்லும் லூசென்ட்டும் கைகோத்து கே56ஃப்ளெக்ஸைக் கொண்டுவந்தன. இரண்டும் செய்வது ஒரே வேலை. ஆனால் ஒன்றின் பாஷை மற்றதற்குப் புரியாது. எக்ஸ்2 மோடம் கே56ஃப்ளெக்ஸ் எண்ணை டயல் செய்தால் இரண்டும் தங்களுக்குப் பொதுவாகத் தெரிந்த வி.34-இல் பேசிக்கொள்ளும். அதாவது 33,600-க்குள்.

ஒரு வருடத்துக்கு மேல் இந்த இழுபறி நடந்தது. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தில் 1998 பிப்ரவரியில் வி.90 என்ற பொதுத் தரத்துக்கு உடன்பாடு கண்டார்கள். செப்டம்பரில் அது முறைப்படி ஏற்கப்பட்டது. இதற்கு முன் 28,800 வந்தபோதும் இதே கதைதான். வி.எஃப்.சி. என்று ஒன்று அவசரமாகக் கடைக்கு வந்தது, 1994-இல் வி.34 வந்ததும் அது ஒதுங்கிவிட்டது. அதை வாங்கியவர்களுக்குப் பழைய 14,400 தரமே துணை என்றாகிவிட்டது. எக்ஸ்2-வும் கே56ஃப்ளெக்ஸும் அதே பாதையில்தான் போகும் என்பது என் கணிப்பு.

அதனால் இன்றைக்குப் புதிதாக வாங்குகிறவர் வி.90 இல்லாத 56 கே மோடத்தை வாங்கக்கூடாது. விலையைப் பாதிக்குக் குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம். “பிறகு வி.90-க்கு மாற்றிக்கொள்ளலாம் சார்” என்று சொல்லி எக்ஸ்2 அல்லது கே56ஃப்ளெக்ஸ் மட்டும் இருக்கும் பழைய ஸ்டாக்கைத் தள்ளுகிறார்கள். மாற்றிக்கொள்ளலாம் என்பது சில மாடல்களில் உண்மைதான். மோடத்துக்குள் அழித்து மறுபடி எழுதக்கூடிய ஃப்ளாஷ் நினைவகம் இருந்தால் கம்பெனி தரும் ஃபைலை இறக்கி மோடத்துக்குள் ஏற்றலாம். ஃப்ளாஷ் இல்லையென்றால் சிப்பையே மாற்ற வேண்டும். எது என்று எழுத்தில் இருந்தால் நம்புங்கள், வாய்வார்த்தையை நம்பாதீர்கள்.

வி.90-க்கு மேல் எது வேண்டும் என்பது மறுமுனையைப் பொறுத்தது. த்ரீகாம் கருவி என்று தெரிந்தால் வி.90-உம் எக்ஸ்2-வும் சேர்ந்த மோடம் எடுங்கள். அசெண்ட் அல்லது லிவிங்ஸ்டன் என்றால் வி.90-உம் கே56ஃப்ளெக்ஸும் சேர்ந்தது. எதற்கு இரண்டும்? வி.90 இன்னும் புதிது. ஒரு கம்பெனி சிப்பும் இன்னொரு கம்பெனி கருவியும் வி.90-இல் பேசும்போது சில சமயம் தகராறு செய்கின்றன. ஒரே குடும்பமாக இருந்தால் பழைய முறையில் நிம்மதியாகப் பேசிக்கொள்ளும். ராக்வெல் சிப் போட்ட சில மோடங்களில் இரண்டையும் ஒன்றாக வைக்க நினைவகம் போதாது, வி.90 ஏற்றினால் கே56ஃப்ளெக்ஸ் போய்விடும். பெட்டியில் ‘டூயல் மோட்’ என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

மறுமுனையில் என்ன இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லையா? சரி, ஃப்ளாஷ் வசதியுள்ள வி.90 மோடம் ஒன்றை வாங்கிவிடுங்கள். மீதி ஃபைல் ஏற்றிச் சரி செய்துகொள்ளலாம்.

பெட்டிக்குள் என்ன: இன்டர்னல், எக்ஸ்டர்னல், வின்மோடம்

இன்டர்னல் என்பது கணினிக்குள் செருகும் கார்டு, எக்ஸ்டர்னல் என்பது வெளியே வைக்கும் தனிப் பெட்டி. என் ஓட்டு எக்ஸ்டர்னலுக்கு. விலை கூடுதல்தான். ஆனால் முன்பக்கத்து விளக்குகளைப் பார்த்தே டேட்டா வருகிறதா, லைன் அறுந்ததா என்று தெரிந்துகொள்ளலாம். மோடம் மாட்டிக்கொண்டால் கணினியை அணைக்காமல் மோடத்தை மட்டும் அணைத்துப் போடலாம். இடி இறங்கினால் பெரும்பாலும் மோடத்தோடு போகும். இன்டர்னல் கார்டு என்றால் மதர்போர்டையும் இழுத்துக்கொண்டு போக வாய்ப்பு அதிகம்.

மலிவாகக் கிடைக்கும் இன்டர்னல் கார்டுகளில் பெரும்பாலானவை வின்மோடம் வகை. மோடம் செய்ய வேண்டிய வேலையில் பாதியை, சிலவற்றில் முழுவதையும், உங்கள் கணினியின் பிராசஸர் தலையில் கட்டிவிடும். பென்டியம் 166 எம்.எம்.எக்ஸ் அல்லது அதற்கு மேல் இருந்து, விண்டோஸ் 95 அல்லது 98 மட்டும்தான் ஓட்டுவேன் என்றால் சமாளிக்கலாம். 486 அல்லது பழைய பென்டியம் என்றால் வேண்டாம், வேறு ஒரு புரோகிராம் திறந்தாலே லைன் அறுந்துவிடும். லினக்ஸ் ஓட்டுகிறவர்கள் கிட்டவே போகாதீர்கள். பெட்டியில் ‘விண்டோஸ் தேவை’, ‘பென்டியம் தேவை’ என்று நிபந்தனை இருந்தால் அது பெரும்பாலும் இந்த வகைதான்.

எக்ஸ்டர்னல் வாங்குகிறவர்கள் மோடம் வயரைச் செருகும் இடமான கணினியின் சீரியல் போர்ட்டைச் சோதித்துக்கொள்ளுங்கள். அதற்குள் 16550 என்ற சிப் இருக்க வேண்டும். அதில் 16 எழுத்துகள் காத்திருக்க இடம் உண்டு. பழைய 8250, 16450 சிப்புகளில் ஒரே ஒரு எழுத்துக்குத்தான் இடம். வேகமாக வரும் டேட்டா அங்கே சிந்திப்போகும். விண்டோஸ் 95-இல் கன்ட்ரோல் பேனல், மோடம்ஸ், டயக்னாஸ்டிக்ஸ், மோர் இன்ஃபோ என்று போனால் எந்தச் சிப் என்று காட்டும். பென்டியம் கணினிகளில் பொதுவாக 16550 இருக்கும்.

கடையில்

பெட்டியில் 115,200 அல்லது 230,400 என்று பெரிதாகப் போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். அது கணினிக்கும் மோடத்துக்கும் நடுவே உள்ள வயரின் வேகம். வி.42பிஸ் என்ற சுருக்கும் முறை வெறும் எழுத்தை அதிகபட்சம் நான்கு மடங்குவரை சுருக்கும் என்பதால் அந்தக் கணக்கு. ஏற்கெனவே சுருக்கப்பட்ட ஜிப் ஃபைல், படங்கள் ஆகியவற்றில் அதனால் ஒன்றும் கிடைக்காது. ஆனால் வி.42, வி.42பிஸ் இரண்டும் மோடத்தில் இருக்க வேண்டும். வி.42 பிழைதிருத்தம், நம் லைன்களுக்கு அது இல்லாமல் முடியாது.

ஃபேக்ஸும் அனுப்பலாம் என்பார்கள். அனுப்பலாம், ஃபேக்ஸ் வேகம் 14,400தான், 56 கே-க்கும் அதற்கும் தொடர்பில்லை.

சீரியல் வயர் பெட்டிக்குள் இருக்கிறதா என்று திறந்து பாருங்கள். மோடம் பக்கம் 25 ஊசி, கணினிப் பக்கம் பெரும்பாலும் 9 துளை. அடாப்டர் நம் 230 வோல்ட்டுக்கு ஏற்றதா என்றும் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்த மோடம் என்றால் இதை இரண்டு முறை பார்க்க வேண்டும், 110 வோல்ட் அடாப்டரை இங்கே செருகினால் புகைதான் வரும். பில் கண்டிப்பாக வாங்குங்கள். “என் லைனில் ஒத்துவரவில்லை என்றால் மாற்றித் தருவீர்களா, எத்தனை நாளைக்குள்” என்று கேட்டு, அதைப் பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள். எழுத மறுக்கும் கடையில் நான் வாங்குவதில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு

போர்ட் வேகத்தை 115,200 என்று வையுங்கள். மோடம் ‘நோ டயல் டோன்’ என்று அடம்பிடித்தால் நம் எக்ஸ்சேஞ்ச் டோன் அதற்குப் பழக்கமில்லை என்று அர்த்தம். மோடம் அமைப்பில் ‘டயல் டோனுக்குக் காத்திரு’ என்ற இடத்தில் உள்ள குறியை எடுத்துவிட்டால் சரியாகிவிடும்.

இணைந்ததும் விண்டோஸ் ‘115,200’ என்று காட்டினால் அது லைன் வேகம் இல்லை என்பது இப்போது உங்களுக்குத் தெரியும். லைன் வேகத்தைக் காட்டச் சொல்லும் கட்டளை மோடத்தின் கையேட்டில் இருக்கும், அதைப் போட்டுக்கொள்ளுங்கள். வி.90-இல் வேகம் 1,333 பிட் படிகளாக ஏறும். அதனால் 44,000, 45,333, 46,667 என்று வந்தால் வி.90 அல்லது எக்ஸ்2 பிடித்திருக்கிறது. 31,200, 33,600 என்று வந்தால் வி.34. பெட்டியில் 56 கே என்று இருந்தாலும் முழு 56,000 யாருக்கும் வருவதில்லை. அமெரிக்காவில்கூட லைனில் அனுப்பும் மின்திறனுக்கு வரம்பு வைத்திருப்பதால் 53,333-தான் உச்சம். நம் பக்கத்தில் 44,000 கிடைத்தால் நல்ல லைன் என்று சந்தோஷப்படலாம்.

ஒரு வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள்: தேதி, நேரம், இணைந்த வேகம், எத்தனை நிமிடம் தாங்கியது, மழை உண்டா இல்லையா. வேகம் ஒன்றை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். 45,333-இல் இணைந்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நின்று நின்று, என்ன வேகத்தில் பேசலாம் என்று மறுமுனையோடு மறுபடி பேரம் பேசும் மோடத்தைவிட, 31,200-இல் ஒரு மணி நேரம் அசையாமல் நிற்கும் மோடம் அதிகமாக இறக்கித் தரும். அப்படி அடிக்கடி நின்றால் கையேட்டில் வி.90-ஐ அணைத்து வி.34-இல் நிறுத்தும் கட்டளையைத் தேடி, மழைக்காலத்துக்கு மட்டும் அதைப் போட்டுக்கொள்ளுங்கள். என் கணினியில் ஒரே எண்ணுக்கு இரண்டு இணைப்புகள் வைத்திருக்கிறேன், ஒன்றின் பெயர் கோடை, மற்றதன் பெயர் மழை.

வானம் இருட்டினால் மோடத்தின் போன் வயரையும் கரண்ட் பிளக்கையும் சேர்த்துக் கழற்றுங்கள். கணினியை அணைத்துவிட்டோமே என்று விட்டுவிடாதீர்கள். போன ஐப்பசியில் எங்கள் தெருவில் ஒரே இடியில் இரண்டு மோடங்கள் போயின, இரண்டும் அணைத்துத்தான் இருந்தன. வயர் மட்டும் சுவரில் செருகியபடி இருந்தது.